மொராக்கோ செல்லையாவின் குளம்

செல்லையா அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய அண்ணன் சுயம்புதான் கொண்டுவந்தார். நான் நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு கிழவர் வந்து நிற்பது தெரிந்தது. யாரோ பிள்ளையைக் கூப்பிட வந்தவர் என்று நினைத்து, மணி அடிக்கட்டும் என்று கையைக் காட்டினேன். அவர் நகரவில்லை. வெளியே வந்து பார்த்த பிறகுதான் சுயம்பு என்று தெரிந்தது. தலைக்கட்டு இல்லாமல் அவரை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

"வாத்தியாரே, தம்பி போயிட்டான். கஞ்சி குடிச்சிட்டு இருந்தான், அப்படியே சாஞ்சிட்டான்" என்றார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரோடு நடந்தேன். வழி முழுவதும் அவர் அழவில்லை. பாதிக் கஞ்சிதான் குடித்திருந்தான், மீதி அப்படியே இருக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மீதிக் கஞ்சியை என்ன செய்வது என்பதுதான் அவருக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

அய்யாவழி முறைப்படி வடக்கு முகமாக உட்கார வைத்து அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். நல்ல கூட்டம். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசகசாலை நண்பர்கள் மறுநாள் வந்து, அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தாரும் என்று கேட்டார்கள். நல்ல மனுஷன் என்று எழுத என்னால் ஆகாது. அவருக்கு என்ன நடந்தது என்று எழுதுகிறேன். வாசிக்கப்போகிற நீங்கள் அவரைத் தெரிந்தவர்கள். நான் கூட்டியோ குறைத்தோ சொன்னால் கேளுங்கள்.

அவருடைய குடும்பம் பனையையும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயலையும் நம்பிய குடும்பம். வாலிபத்தில் அவர் கொழும்புக்குப் போனார். இங்கிருந்து கொழும்புக்குப் போகாத வீடு எது? ஆனால் போனவர்கள் பெரும்பாலும் கொழும்போடு நின்றுவிட்டார்கள். இவர் சேர்ந்த பட்டுக்கடை ஒரு சிந்தி சேட்டுடையது. கப்பல் நிற்கிற துறைமுகத்தில் எல்லாம் அந்தச் சேட்டுகளுக்குக் கிளை உண்டு. முதலில் ஜிப்ரால்டருக்கு அனுப்பினார்கள். பிறகு கடலிடுக்கைத் தாண்டி மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் துறைமுகத்துக்கு. அங்கிருந்து சரக்கோடு உள்நாட்டுக்கு, ஃபெஸ் என்ற பழைய நகரத்துக்கு. அங்கே வெள்ளைக்காரப் பயணிகள் கடைக்கு வருவார்கள். பட்டு வாங்கியவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவதும் கடை ஆளின் வேலை. அப்படித்தான் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்துக்கு வழிகாட்டி ஆனார். தாயார் இறந்த செய்தி கிடைத்து ஊருக்குத் திரும்பினவர், பிறகு போகவில்லை.

வாசகசாலையில் அவர் முதன்முதலில் பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து எல்லோரும் சும்மா இருந்த நேரம். போய் வந்த தேசத்தைப் பற்றிச் சொல்லும் என்று கேட்டோம். நான் கண்டேன், நான் போனேன் என்று பேசுவார் என்று எதிர்பார்த்தால், மனுஷன் எழுந்து நின்று, நாமெல்லாம் மறுநாள் காலையில் ஃபெஸ் நகரத்துக்குக் கிளம்பப்போவதுபோலப் பேச ஆரம்பித்தார். நீங்கள் போனால் முதலில் நீல வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். வெளியே பார்க்க நீலம், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே வாசல் பச்சை. ஆகையால் திரும்பிப் பார்க்க மறக்கக் கூடாது. காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் சந்து முழுக்கப் பொதி கழுதை. 'பாலக், பாலக்' என்று பின்னால் சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தக் காலத்து ராஜா கட்டிய பாடசாலை. தரையெல்லாம் சலவைக்கல். ஆள் உயரத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளால் இழைத்த சுவர், அதற்கு மேலே சுண்ணத்தில் கொத்து வேலை, அதற்கும் மேலே தேவதாரு மரத்தில் செதுக்கு வேலை. அங்கே போனால் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும், மேலிருந்து கீழே பார்த்தால் கழுத்து வலிக்கும் என்றார். எதிர்ச் சுவரில் வரிசையாக ஜன்னலும் பித்தளைக் கிண்ணமும் உண்டு. ஒரு காலத்தில் தண்ணீரால் ஓடிய கடிகாரம் அது. இப்போது ஓடுவதில்லை, எப்படி ஓடியது என்று சொல்லவும் ஆள் இல்லை. சூரியன் சாய்கிற நேரத்தில் குன்றின் மேல் இருக்கும் பழைய ராஜாக்களின் சமாதிக்கு ஏற வேண்டும். கீழே நகரம் முழுதும் தெரியும். எல்லாக் கோபுரங்களிலிருந்தும் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பி வரும்.

தோட்டங்களைச் சொல்லும்போதுதான் அவர் முகமே வேறாகும். மதிலுக்கு ஓரமாக ஒரு பெரிய தோட்டம். மூங்கில், பேரீச்சை, குளம், பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற பெரிய சக்கரம். ராஜாவின் குடும்பத்துக்கென்று இருந்ததாம். இப்போது யாரும் போய் உட்காரலாம். யாரும் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். இன்னொன்று ஓர் அரண்மனைத் தோட்டம். அங்கே நடக்கிற பாதை மேலே, செடி வைக்கிற பாத்தி இடுப்பளவு கீழே. மேலே நடந்துகொண்டே ஆரஞ்சு மரத்தின் தலையைக் கையால் தொடலாம், பூ காலடியில் பூத்துக் கிடக்கும்.

வண்டிக்கார இசக்கி எழுந்து, "அண்ணாச்சி, அங்க கஞ்சி கிடைக்குமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கஞ்சி உண்டு, பயறும் தக்காளியும் போட்டுக் காய்ச்சுவார்கள், சாயங்காலம்தான் கிடைக்கும் என்று பொறுப்பாகப் பதில் சொன்னார். எங்களில் ஒருவனும் நாகர்கோவிலுக்கு அப்பால் போகப்போவதில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது, நீல வாசலில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்த பிறகு, என்னை வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழிகாட்டிப் பழக்கம் அவரை விடவில்லை. கோட்டை மதில் மேல் நிறுத்தி, இந்தப் பக்கம் கடலைப் பாரும், அந்தப் பக்கம் மலையைப் பாரும் என்றார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலும் மலையும்! கோட்டைக்குள் இருக்கும் குளத்தில் இறங்கிக் கை கால் கழுவிக்கொண்டு மேலே வந்தார். ஒருவரும் தடுக்கவில்லை, தடுக்க அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் ஃபெஸ் நகரத்துப் பெரிய பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னார். வாசகசாலையில் அதை அவர் சொன்னதில்லை.

அங்கே வேற்று மதத்தாருக்குப் பள்ளிவாசலுக்குள் இடம் இல்லை. வாசலில் நின்று உள்ளே இருக்கிற முற்றத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கலாம், அவ்வளவுதான். பயணிகளை அந்த வாசல் வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்துவார். ஒரு நாள் தனியாகப் போய் நின்றிருக்கிறார். நிறமும் தலைக்கட்டும் பார்த்து, வாசலில் இருந்தவன் தங்கள் ஆள் என்று நினைத்து உள்ளே போ என்று கையைக் காட்டியிருக்கிறான். இவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். போய்ப் பார்த்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேட்டேன்.

"வேற ஆளா வேஷங்கெட்டிப் பாக்கதுக்கு நான் எதுக்கு வாத்தியாரே கடல் தாண்டணும்?" என்றார்.

அந்த வாசல்காரன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மதிலின் வெளிப்புறத்தில் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டிக் குடிக்கச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் தோல் பதனிடுகிறவர்கள், முழங்கால் வரைக்கும் மஞ்சள் சாயத்தோடு, அதே குழாயில் குடித்துக்கொண்டிருந்தார்களாம். "பள்ளிவாசலுக்க வெள்ளம் அது. சுவரைத் தாண்டி வந்து வெளிய விழுது. வாசலு அவனுக்கு, வெள்ளம் எல்லாவனுக்கும். எனக்கு அது போதும்னு தோணிச்சு" என்றார். ஃபெஸ் நகரத்தின் ஒவ்வொரு வாசலும் தெரிந்த இந்த மனுஷனுக்கு, எங்கள் ஊர் சிவன் கோயிலில் தெரிந்தது தென்னைக்கு மேலே எட்டிப் பார்க்கிற கோபுர உச்சி மட்டும்தான். மேலத்தெரு முதலாகக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர் ஆட்கள் நடக்கக் கூடாது. தெப்பக்குளத்தைத் தொடக் கூடாது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வெளிதேசம் போய் வந்தவர்கள் மச்சு வீடு கட்டுவது நம் ஊர் வழக்கம். இவர் வீட்டைத் தொடவில்லை. பாதையோரம் கால்வாயை ஒட்டி இருந்த தன் பங்கு நிலத்தில் தோட்டம் போடப்போகிறேன் என்றார். அந்த அரண்மனைத் தோட்டம் போலவே, பாதை மேலே, பாத்தி கீழே. யாரும் வந்து உட்காரலாம். இடுப்பளவுக்கு மண்ணைத் தோண்டி வெளியே குவித்தார். பாதை ஓரத்துக்கு மயிலாடியிலிருந்து கல் வந்தது. ஆரஞ்சு கிடைக்கவில்லை, நாரத்தையும் மாதுளையும் பிச்சியும் வைத்தார். "எல்லாரும் மேல கெட்டுதாவ, இவிய கீழ தோண்டுதாவ" என்று அவர் மனைவி தங்கம்மை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், மழையும் வயலுமாகவே வாழ்ந்த ஊரில் ஒருவர்கூட அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மடை திறப்பதும் அடைப்பதும் கனவில்கூடச் செய்யத் தெரிந்தவர்கள் தினமும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, பரதேசம் கண்டவன் செய்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று போனார்கள். நானும் அப்படித்தான். ஐப்பசி வந்தது. மழை தொடங்கி விடாமல் பெய்தது. மழை விட்டு நான் போய்ப் பார்த்தபோது தோட்டத்தைக் காணவில்லை. பாதைக் கல்லின் விளிம்பு வரைக்கும் தண்ணீர். நாரத்தையின் உச்சி இலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. தவளைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. செல்லையா அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்.

"வாத்தியாரே, அங்க இந்த மழை கிடையாது. அதை நான் நினைக்கவே இல்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தங்கம்மையும் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

தை பிறந்தும் தண்ணீர் வற்றவில்லை. தோண்டிய இடத்தில் ஊற்றுக் கண் இருந்திருக்கிறது. செடி போனால் போகட்டும் என்று, மிச்சம் கிடந்த கல்லால் நான்கு பக்கமும் படி கட்டினார். ஊர் அதற்கு மொராக்கோக் குளம் என்று கேலியாகப் பெயர் வைத்து, கேலி மறந்து அந்தப் பெயரே நின்றுவிட்டது. முதலில் அவர்கள் சொந்தக்காரப் பெண்கள் வந்து குளித்தார்கள். பங்குனி வெயிலில், ஓடைக்கரைக் குடிசைகளிலிருந்து வயல்வேலை செய்யும் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் இறங்க ஒரு குளம் கிடையாது, கோர ஒரு கிணறு கிடையாது. கால்வாயில் மாடு கலக்கிய தண்ணீர்தான். பூமாலை என்ற பெண்தான் முதலில் வந்து, படிக்கு இந்தப் பக்கமாகவே நின்று, இறங்கலாமா என்று கேட்டாளாம். இறங்காமல் எப்படிக் குளிப்பாய் என்று இவர் கேட்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து சுயம்பு வீட்டுப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். இதை நான் எழுதாமல் விட்டால் சுயம்பு அண்ணாச்சிக்கே பிடிக்காது. அவர் வந்து, நம்ம ஆளுவ இறங்குத இடத்துல அவியளையும் விடுதியாலே என்று சத்தம் போட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"அண்ணே, மேலத்தெருவுல நம்மளைச் சொன்னதை நீ இங்க வந்து சொல்லாண்டாம்" என்றார் செல்லையா.

சுயம்பு முகம் கறுத்துப் போய்த் திரும்பி நடந்தார். அண்ணனும் தம்பியும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. தோட்டமாக இருந்தவரை யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றபோது, உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள். மழை அதைக் குளமாக்கியதும் எல்லோருக்கும் கண் உறுத்தியது. மண்ணில் எத்தனை பேர் நடந்தாலும் நம் ஊரார் பொறுப்பார்கள். தண்ணீரில் கால் பட்டால்தான் பொறுக்கமாட்டார்கள்.

அடுத்த மழையில் குளம் நிரம்பி வழிந்து கால்வாயில் கலந்தது. அந்தக் கால்வாய்தான் தெப்பக்குளத்துக்குப் போகிறது. மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரரான பிள்ளைவாள், கோயில் காரியம் பார்ப்பவர், ஆள் அனுப்பினார். ஒன்று குளத்தை மூடு, இல்லாவிட்டால் வேலி அடைத்து இன்னார்தான் இறங்கலாம் என்று வரையறை செய். செல்லையா இரண்டுமே முடியாது என்றார். வழிகிற தண்ணீரைத் திருப்பிவிடத் தனி வாய்க்கால் வெட்டுகிறேன், என் செலவில் வெட்டுகிறேன் என்றார். அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தண்ணீர் போகிற வழியா அவர்களுக்கு முக்கியம்?

நான் எங்கள் சபைக் கமிட்டியில் போய்ப் பேசினேன். நம் சபை ஒரு வார்த்தை சொன்னால் பலம் இருக்கும் என்றேன். இந்துக்களின் தகராறில் நாம் தலையிட வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். அதைச் சொன்ன மூப்பர்களில் இரண்டு பேருடைய தாத்தாமார் அதே ஓடைக்கரையிலிருந்து வந்து ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அன்று அந்த அறையில் நான் பேசியதை இங்கே அச்சில் போட முடியாது. அவர்களும் இதை வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

கடைசியில் பெரிய வீட்டார் கை வைத்தது சுயம்புவின் மேல். அவர் பாட்டத்துக்கு உழுத வயல் முழுக்க அவர்களுடையது. கன்னிப்பூச் சாகுபடிக்கு வயல் கிடையாது, வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். தம்பி குளத்தை மூடினால் மறுபடி பேசலாம். சுயம்புவுக்கு நான்கு பெண்பிள்ளைகள். ஒருத்திக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவு நாள் பேசாமல் இருந்த தம்பியின் வீட்டு வாசலில் சுயம்பு வந்து நின்றாராம். ஒன்றும் கேட்கவில்லை, நின்றாராம். வைது கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன் என்று செல்லையா அண்ணாச்சி என்னிடம் சொன்னார்.

மூடிய நாளில் நான் போயிருந்தேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு, தோண்டிக் குவித்த அதே மண்ணை வெட்டி வெட்டி உள்ளே தள்ளினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். தண்ணீர் சேறாகிப் படி படியாக மறைந்துகொண்டிருந்தது. ஓடைக்கரைப் பெண்கள் குடத்தோடு வந்தவர்கள், தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமாலை மட்டும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"நாங்க இனி வரல்ல, மொதலாளி. நாங்க வராம இருந்தா குளம் கிடக்குமா?" என்று கேட்டாள்.

செல்லையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "நீங்க வராத குளம் எனக்கு எதுக்கு மக்களே?" என்றார். பிறகு மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்தார். சுயம்பு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி எல்லோரையும் வைதேன். என் மனைவி கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அந்த நிலத்தில் அவர் ஒன்றும் நடவில்லை. கோரைப் புல் மண்டியது. பாட்டம் சுயம்புவுக்குத் திரும்பக் கிடைத்தது. பெண்களை ஒவ்வொருத்தியாகக் கட்டிக் கொடுத்தார். செல்லையா எல்லாக் கல்யாணத்திலும் முன்னால் நின்றார். அண்ணன்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததாக ஒரு சொல்கூட நான் கேட்டதில்லை. ஆனால் ஃபெஸ் நகரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வாசகசாலையில் புதிதாக வந்த இளைஞர்கள், அந்த நீல வாசலைப் பற்றிச் சொல்லும் அண்ணாச்சி என்று கேட்டால், மறந்து போச்சு என்பார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போகலாம் வாருங்கள் என்று கூப்பிடுகிற மனது போய்விட்டது.

பிறகு கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. மத்தளமும் நாகசுரமுமாக ஊர் அமர்க்களப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான், வேதக்காரனான எனக்கு அந்த வாசல் திறக்காவிட்டால் என்ன, இவர்களுக்குத் திறந்ததே என்று இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை ஒரு நாள் காலையில் செல்லையா வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். அதுவரை ஏலே என்று கூப்பிட்டவர் அன்று நீர், உம்ம என்று பேசினார். நாலு தேசம் கண்ட ஆள், நீர் முன்னால் நடந்து வந்தால்தான் மற்றவர்களுக்கும் தைரியம் வரும், வெள்ளிக்கிழமை தீபாராதனைக்கு வாரும், நானே வாசலில் நிற்கிறேன் என்றார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். தங்கம்மை உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை அதை எடுத்துக் குடிக்கவும் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

செல்லையா மரியாதையாகத்தான் கேட்டார். "வாறேன் பிள்ளைவாள். எனக்க குளத்தை மட்டும் வெட்டித் தாரும். வெட்டின அன்னைக்கே வாறேன்."

பிள்ளை திகைத்துப் போனார். "அது வேற காரியம்லா" என்றார்.

"எனக்கு ரெண்டும் ஒரே காரியம்தான்" என்றார் இவர்.

பிள்ளை மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வெள்ளிக்கிழமை சுயம்பு போனார், அவர் மருமகன்கள் போனார்கள், இசக்கி போனான். செல்லையா போகவில்லை. எனக்கே அவர்மேல் கோபம் வந்தது. உம்ம அண்ணனெல்லாம் கண்டுவிட்டு வந்தாச்சு, கோயிலுக்குள் இருக்கிற கல்மண்டபத்தைப் பார்க்க உமக்கு ஆசையில்லையா என்று கேட்டேன். ஆசை இல்லாமலா என்றார். சின்ன வயதில் பனை மேலிருந்து மண்டபத்து மூலை ஒன்றைப் பார்த்திருக்கிறாராம். தூணில் பெண் விளக்கோடு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம்.

"வாசல்ல நிண்ணு பாக்க எனக்குத் தெரியும் வாத்தியாரே. அது பழக்கம் உண்டு. உள்ள போகணும்னா மனசு தெளியணும். தெளியல்ல" என்றார். பிறகு நான் கேட்கவில்லை. அவர் சாகும்வரை போகவும் இல்லை.

ஆகவே, அவர் நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு வசதி. அவர் நம்மிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உலகத்தில் ஒரு நகரத்தில், யாரும் உட்காரக்கூடிய ஒரு தோட்டத்தையும் யாரும் குடிக்கக்கூடிய ஒரு குழாயையும் கண்டார். அதை இங்கே ஒன்று வைத்துப் பார்க்க நினைத்தார். மழை அதைத் தப்பாக்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. நாம் அதை அவர் கையாலேயே மூடவைத்தோம். நாம் என்றுதான் சொல்கிறேன். வேடிக்கை பார்த்தவனும் அதில் சேர்த்தி.

நேற்றுக் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த நிலத்தைத் தாண்டினேன். சுயம்பு அண்ணாச்சி கோரைப் புல்லை அறுத்து ஒதுக்கிவிட்டு, தனியாக நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம்கூட வரவில்லை. அந்த வயதில், அந்த வெயிலில். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்; கேட்கத் தேவையில்லாத கேள்வி. பாட்டம் என்னாகும் என்றும் கேட்டேன்.

"பிள்ளைகளைக் கெட்டிக் குடுத்தாச்சு. இனி வயலு போனா போட்டும்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அவன் இருக்கச்சிலே நான் இதை வெட்டியிருக்கணும்" என்றார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது பூமாலை மண் சுமக்கிற ஓலைக் கடவத்தோடு வந்து, பழைய படி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. சுயம்பு அவளைப் பார்த்தார். வெட்டிய மண்ணைக் காலால் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, "அந்த ஓரமா கொண்டு கொட்டு" என்றார். அவள் இறங்கி வந்து கடவத்தை நிரப்பினாள்.

பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்வி. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது; நல்லது வரும் என்று சொல்லித் தேற்ற எனக்கு மனதில்லை. செல்லையா அண்ணாச்சி யாரையும் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் அவர் செலவழிக்காமல் வைத்திருந்த கோபம் முழுதும் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எழுதி அது தீரவில்லை. நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை; மண்வெட்டியோடு போகிறேன். ஐப்பசிக்கு முன்னால் இடுப்பளவாவது ஆக வேண்டும். அவரைத் தெரிந்தவர்கள் வாருங்கள். மண்வெட்டி இல்லாதவர்கள் பூமாலையோடு சேர்ந்து மண் சுமக்கலாம்.